தேய்ந்த டயரைப் படித்தறிவோம்

பால்மரத்தின் வெட்டுப்பட்டையைக் கண்டவுடனே, அதை வெட்டியவரின் கை எத்தகையது என்று சொல்லிவிடும் கண் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு உண்டு. உளி ஆழமாய்ப் பதிந்து மரத்தைக் காயப்படுத்தியிருந்தால், அவ்விடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து நிற்கும். வெட்டின் சரிவு தவறியிருந்தால், பால் மங்கில் சேராமல் பட்டையிலேயே வழிந்து வீணாகும். வெட்டியவர் அருகில் இல்லாவிடினும் வெட்டு அவரைப் பற்றிப் பேசும். மோட்டார் வாகனத்தின் டயரும் அவ்வாறே பேசுகிறது. அது எந்தப் பக்கம் தேய்ந்தது, எப்படித் தேய்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்கினால், வண்டிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எந்தப் பாகம் பழுதுற்றது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இந்த இதழில் அதனைப் பற்றியே எழுதுகிறோம்.

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு டயராக மாறுகிறது. அந்த வகையில் டயரை வீணாக்குவது நாம் வெட்டிய பாலையே வீணாக்குவதாகும். இப்பகுதியில் ரப்பரின் கதை சிங்கப்பூரில்தான் தொடங்கிற்று. 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. 1888-இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடும்படி ஓயாமல் வற்புறுத்தியதால், அவரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தார்களாம். இன்று சிங்கப்பூரில் ரப்பர்த் தோட்டம் இல்லை. ஆனால் உலக ரப்பர் வணிகம் உற்று நோக்கும் விலைகளுள் ஒன்று இன்றும் சிங்கப்பூர்ச் சந்தையில்தான் நிர்ணயமாகிறது.

டயரைப் படிக்கும் பாடமும் நமக்கு அதே சிங்கப்பூரில்தான் கிடைத்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், துணிமணி வாங்கும் பொருட்டுக் குடும்பத்தோடு நம் பழைய காரில் ஜோகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிராங்கூன் சாலைக்குச் சென்றிருந்தோம். தெரு முழுவதும் விளக்கு அலங்காரம். தேக்கா சந்தைக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, முன்சக்கரம் திரும்பிய நிலையில் இருந்ததால் அதன் உட்பக்கம் கண்ணில் பட்டது. இடது முன்டயரின் உள்விளிம்பில் ரப்பரே இல்லை. அவ்விடத்தில் கம்பி இழைகள் மினுங்கிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அதே டயர் புத்தம் புதியதாய்த் தோன்றிற்று! அந்த டயரை மாட்டி ஐந்து மாதமே ஆகியிருந்தது. அலைன்மெண்ட் என்னும் சக்கர நேர்மைச் சோதனையும் நம் ஊரில் இருமுறை செய்தாயிற்று. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரவு மழையில் நெடுஞ்சாலை வழியே அந்த டயரில் வீடு திரும்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே அச்சமாயிருந்தது.

அந்த வட்டாரத்திலே டன்லப் தெரு என்று ஒரு தெரு உண்டு. அப்துல் கபூர் பள்ளிவாசல் அத்தெருவில்தான் இருக்கிறது. பெயரைக் கண்டு டயர் கிடைக்கும் என்று யாரும் அங்கே போக வேண்டாம். 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்த ஜான் பாய்ட் டன்லப்புக்கும் அத்தெருவின் பெயருக்கும் தொடர்பில்லை. மாட்டு வணிகம் செழித்திருந்த காலத்தின் நினைவாக அருகில் பஃப்ளோ சாலையும் கெர்பாவ் சாலையும் இருக்கின்றன. இரண்டும் எருமையைக் குறிக்கும் சொற்களே. அக்காலத்து வண்டிக்காரர், சக்கரத்தின் இரும்புப் பட்டை ஒரு பக்கமாய்த் தேய்ந்திருந்தால் முதலில் அச்சைத்தான் பார்த்திருப்பார். நாமோ இருமுறையும் பட்டையையே பார்த்திருக்கிறோம்.

மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு, அறிந்தவர் ஒருவரின் வழிகாட்டுதலால் காக்கி புக்கிட் வட்டாரத்திலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் தமிழர்; ஜோகூரிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருபவர். கழற்றிய டயரைத் தரையில் கிடத்தி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினார். “புது டயர் போட்டுத் தருகிறேன், ஐயா. ஆனால் ஐந்து மாதம் கழித்து இதே மாதிரி இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்” என்றார். பிறகு நம் கையையும் பிடித்து டயரின் மேல் வைத்தார்.

வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகத் தடவினால் வாளின் பல் போல விரலில் உரசிற்று. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தடவினால் வழுவழுவென்றிருந்தது. இதுவே முதற்பாடம். மலாய் மொழியில் டயரின் வரிகளைப் ‘புங்கா’, அதாவது பூ என்பார்கள். அந்தப் பூவின் ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் மழுங்கி, மறுபக்கம் கூராகி இருந்தால், சக்கரம் தான் போகும் திசையை நோக்கி நேராக நிற்கவில்லை என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது கூர் தட்டினால், முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் ஒன்றையொன்று விட்டு விலகி, வாத்து நடப்பதுபோல் வெளிநோக்கித் திரும்பியுள்ளன. அப்போது உள்விளிம்பு விரைவில் தேயும். உள்ளிருந்து வெளியே தடவும்போது கூர் தட்டினால், அவை முன்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கி உள்நோக்கியுள்ளன. அப்போது தேய்வது வெளிவிளிம்பு.

இந்தத் திருப்பம் மிகச் சிறியதாயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். சக்கரம் ஒன்று தன் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நிற்பதாகக் கொள்வோம். அது ஒரு கிலோமீட்டர் உருண்டால், ஏறக்குறைய 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 120 கிலோமீட்டர் ஓடினால் அவ்விழுபாடு 1,040 மீட்டரைத் தாண்டும். ஜோகூர்க் கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். அதாவது, தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஒருமுறை வந்து சேர்வதற்குள், அந்தச் சக்கரத்தைக் கடற்பாலத்தின் நீளத்துக்குத் தார்ச்சாலையில் குறுக்கே தேய்த்து இழுத்துவந்ததற்கு ஈடாகிவிடுகிறது. ஐந்து மாதத்தில் கம்பி தெரிந்ததில் வியப்பென்ன?

அப்படியானால் இருமுறை செய்த அலைன்மெண்ட் என்னவாயிற்று என்று கேட்டோம். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல மெக்கானிக் நம்மைத் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் அழைத்துச் சென்றார்.

சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை லோவர் ஆர்ம் என்பார்கள். அது வண்டியோடு சேரும் இடத்தில் இரும்பும் இரும்பும் நேராக உரசுவதில்லை. நடுவில் ரப்பரால் ஆன புஷ் இருக்கிறது. இரும்புக் குழாய்க்குள் கெட்டியாக ஒட்டவைத்த ரப்பர் அது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியைத் தாங்கி, முறுக்கு விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புவது அதன் வேலை. இடைவிடாமல் வளைந்து நிமிர்ந்தும் எளிதில் அறுந்துபோகாத குணம் இயற்கை ரப்பருக்கு இருப்பதால், இத்தகைய பாகங்களுக்கு இன்றும் அது விரும்பப்படுகிறது. ஆகவே, நாம் வெட்டிய பாலில் ஒரு சிறு பங்கு புஷ்ஷாகி, பெரும்பங்கான டயரைக் காவல் காக்கிறது.

நம் வண்டியில் அந்தக் காவல் போய்விட்டது. இடது பக்கத்துப் பின் புஷ்ஷில் ரப்பர் இரும்பைவிட்டு அரைவட்டம் கிழிந்திருந்தது. மெக்கானிக் நீண்ட நெம்புகோலைக் கொடுத்து அழுத்தியதும், அந்தக் கை ஒரு விரற்கடை பின்னுக்குப் போய் வந்தது. வண்டி ஆடாமல் நிற்கும்போது கை தன் இடத்திலேயே இருக்கும். அலைன்மெண்ட் கருவி அந்த நிலையைத்தான் அளக்கும். கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கையிலும் சக்கரம் பின்னுக்கு இழுபட்டு வெளிநோக்கித் திரும்பியது. ஆட்டங்கண்ட மூட்டை வைத்துக்கொண்டு நேர்மை பார்ப்பது, ஆடும் ஏணியின் மேல் நின்று சுவருக்கு நூல் பிடிப்பது போன்றது. முதலில் பாகம், பிறகு அலைன்மெண்ட், அதன் பின்னரே புது டயர். நாம் தலைகீழாகச் செய்து ஒரு டயரையும் இரண்டு அலைன்மெண்ட் கூலியையும் இழந்திருந்தோம்.

புஷ் ஏன் கிழிகிறது? வயதும் வெப்பமும் காரணம். தோட்டத்துச் செம்மண் சாலையின் பள்ளங்களும் காரணம். வேறொரு காரணமும் உண்டு. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பதை நாம் நன்கறிவோம். டீசலில் கிடந்த ரப்பர்த்துண்டு ஊதிக் கொழகொழத்துப் போவதைக் கண்டிருக்கிறோம். இஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் புஷ்ஷின் மேல் சொட்டினால் அதற்கும் அதே கதிதான். ஆகவே எண்ணெய் ஒழுக்கை எண்ணெய்ச் செலவாக மட்டும் கருதாதீர்கள்.

இனி, மற்றத் தேய்மானங்களைக் காண்போம்.

டயரின் இரு விளிம்பும் தேய்ந்து நடு மட்டும் நன்றாயிருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து விளிம்புகள் நன்றாயிருந்தால் காற்று மிகுதி. இவ்விரண்டிலும் எந்தப் பாகத்தின் மீதும் பழி இல்லை. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்த அளவுப்படி, வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றைச் சரிபார்த்தால் போதும்.

ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாய்த் தேய்ந்து, தடவும்போது கூர் தட்டவில்லை என்றால், சக்கரம் செங்குத்தாக நிற்காமல் மேலே உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சாய்ந்திருக்கக்கூடும். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருத்தல், பால் ஜாயிண்ட் தேய்ந்திருத்தல், பள்ளத்தில் மோதி ஏதேனும் கை வளைந்திருத்தல் ஆகியவற்றை ஐயுற வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு மேலும் உள்ள இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள். முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ, இடமும் வலமும் ஒத்திராவிட்டால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும்.

டயரைச் சுற்றிலும் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருப்பது வேறொரு நோய். சக்கரம் சாலையில் அழுந்தி உருளாமல், பந்துபோல் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது. துள்ளலை அடக்க வேண்டிய அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்பதற்கு இது பெரும்பாலும் சாட்சி. பேலன்ஸ் இல்லாத சக்கரமும், ஆட்டங்கண்ட பேரிங்கும் இதே அடையாளத்தை விட்டுச் செல்வதுண்டு. அப்சார்பரைச் சோதிப்பது எளிது. வண்டியின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. தொட்டில்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் அதன் காலம் முடிந்தது. அப்சார்பரின் உடல் எண்ணெய் வடிந்து புழுதி அப்பிக் கிடந்தாலும் அதே தீர்ப்புதான்.

மூட்டுகளின் ஆட்டத்தைச் சோதிக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாய்ச் சொல்கிறோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். லயத்து முற்றம் போன்ற மண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். அதன் கீழ் தடித்த பலகை இட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய இடத்தில் உறுதியான தாங்கியையும் நிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கையால் பற்றி ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்காக இருக்கலாம்; பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். உள்ளே ஒருவரை அமர்த்திப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டினால் வேறுபாடு விளங்கும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். அடுத்து இடமும் வலமுமாகப் பற்றி ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. பால் ஜாயிண்ட் முற்றிலும் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும். டை ராட் முனை கழன்றால் அந்தச் சக்கரம் ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்படாது. எனவே இவ்விரண்டிலும் ஆட்டம் கண்டால் ‘சம்பளம் வந்ததும் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும். புஷ்ஷும் அப்சார்பரும் பெரும்பாலும் முன்கூட்டியே சத்தமிட்டு, டயரைத் தேய்த்துக் காட்டி எச்சரிக்கும்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்காட்டுக்குப் போகும் அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. பின்சக்கரத்தின் சங்கிலியை இறுக்கும்போது இரு பக்கத்துக் குறியீடுகளையும் ஒரே அளவில் வைக்காவிட்டால் சக்கரம் கோணலாகி டயர் ஒரு பக்கம் தேயும். பின்சக்கரத்தைத் தாங்கும் கவையின் புஷ் தேய்ந்தாலும் அப்படியே. முன்டயர் குழி குழியாய்த் தேய்ந்தால் முன்கவையில் எண்ணெய் ஒழுகுகிறதா என்றும், கைப்பிடிக்குக் கீழுள்ள பேரிங் தளர்ந்துள்ளதா என்றும் பாருங்கள்.

உதிரிப்பாகம் வாங்குவதில் ஒரு சொல். சிங்கப்பூரில் 1990 முதல் காருக்குப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறையில் இருக்கிறது. அதனைப் புதுப்பிக்க விரும்பாதவர்கள் நன்றாய் ஓடும் வண்டியையும் கழித்துவிடுவதால், பழைய பாகங்கள் கைமாறி வருகின்றன. கதவு, விளக்கு, இருக்கை போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் குற்றமில்லை. புஷ், பால் ஜாயிண்ட், அப்சார்பர் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது நம் கருத்தில் சிக்கனமாகாது. ரப்பர் சும்மா கிடந்தாலும் மூப்படையும் பொருள். புது புஷ்ஷின் விலை புது டயரின் விலையில் ஒரு சிறு பங்கே. ஒரு பக்கம் கிழிந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுடையதுதான். இரண்டையும் ஒருசேர மாற்றுவது கூலியை மிச்சப்படுத்தும்.

சிங்கப்பூரில் கார் மூன்று வயதைக் கடந்ததும் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைக் கடந்ததும் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். 1981-இல் நிறுவப்பட்ட விக்கம் நிறுவனம் இப்பணியில் முன்னோடி. இத்தகைய சோதனை நிலையங்களில், வண்டி ஒரு தட்டின் மேல் உருளும்போது சக்கரம் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அளக்கும் கருவி உண்டு. கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்பதே அதன் அளவு. மேலே நாம் போட்ட கணக்கும் அதுவே. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும் அங்குச் சட்டம். அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரின் பள்ளத்திற்குள்ளேயே வார்க்கப்பட்டுள்ளன. பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் தீர்ந்தது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். நாம் வெளிவிளிம்பை மட்டும் பார்த்து ஏமாந்தோம்.

தோட்டத்தில் வண்டி வைத்திருப்போர் ஆண்டு முடியும்வரை காத்திராமல், மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி வைத்து, முன்டயர்களின் உட்பக்கத்தைக் கண்ணால் பார்த்து, உள்ளங்கையால் தடவுங்கள். கம்பி வெளியே நீட்டியிருந்தால் கை கிழியுமாதலால் பார்த்த பின் தடவுக. பின்டயர்களுக்குக் குனிந்துதான் ஆக வேண்டும்.

காக்கி புக்கிட்டில் அன்று இரு பக்கத்துப் புஷ்ஷையும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்து, இரண்டு முன்டயர்களையும் புதிதாய்ப் போட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் கடற்பாலத்தைக் கடந்தோம். துணிக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அதற்கே போய்விட்டதால், பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாடை வாங்கினோம். அந்தப் பழைய டயரைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு வாசலில் வைத்திருக்கிறோம். வண்டி வைத்திருக்கும் அண்டை வீட்டார் வரும்போது, அவர்களின் கையை அதன் மேல் வைத்து ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் தடவிப் பார்க்கச் சொல்கிறோம். புது டயர்களில் இதுவரை கூர் தட்டவில்லை.